ஒரு மணி நேரக் குழாய்

ஒரு மணி நேரத்தில் ரத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிற இ.எஸ்.ஆர். குழாயின் ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் புளியங்குடியில் லேப் போடக் கூடாது. மதுரையிலிருந்து தென்காசி போகிற மெயின் ரோட்டில் கடை பிடித்தால் ஆள் வரத்து நன்றாக இருக்கும். ஆனால் எலுமிச்சை லாரியும் அதே ரோட்டில்தான் போகும். பாரம் ஏற்றிய வண்டி ஒன்று பிரேக் அடித்தால் மேஜை அதிரும். மேஜையோடு குழாயும் அதிரும். ரத்தம் தப்பாக இறங்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி இதற்காகவே லேப்பின் பின்சுவரில் ஒரு கடப்பாக் கல்லைப் பதித்து, ஸ்டாண்டை அதன்மேல் வைத்திருந்தார். மேஜைக்கும் கல்லுக்கும் ஒட்டு உறவு கிடையாது. அந்தக் கல்லில் யாராவது டீ கிளாஸ் வைத்தால் அன்றைக்கு முழுக்க ஏச்சுதான்.

கொத்தனார் ஒருவரிடம் கேட்டு வாங்கிய தூக்குக்குண்டைக் கல்லுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பார். காலையில் லேப் திறந்ததும் முதல் வேலை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் குழாயையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்று டிகிரி சாய்ந்தால் போதும், இ.எஸ்.ஆர். 30 சதவீதம் வரை கூடிப்போகும். சாய்ந்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு பக்கச் சுவரை ஒட்டிச் சறுக்கும். பிளாஸ்மா மறுபக்கமாக மேலே ஏறும். ஒன்றை ஒன்று மறிக்காததால் இறக்கம் வேகமாகிவிடும். இந்தக் காரணத்தை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புத்தகத்தில் படித்தேன். அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: “சாஞ்சு நிக்கது பொய் சொல்லும்லே.”

டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். குழாயில் தொடங்கினாலும் பேச்சு மாரடைப்பைப் பற்றித்தான். அதைப் பற்றி லேப்காரன் எழுத என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். மாரடைப்பு என்றால் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர், பீடி சிகரெட் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இந்த நான்கும் இல்லாத ஆளுக்கு, அதுவும் சின்ன வயதில், வருகிற மாரடைப்பு ஒன்று இருக்கிறது. ரத்தக்குழாயின் சுவரே அழற்சி கண்டு வீங்கித் தடித்து, உள்வழி குறுகி வருவது. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய்தான். ஆனால் அதன் முதல் சேதி பல நேரம் நம் கல்லின்மேல் நிற்கிற குழாயில் வருகிறது. இதயத்துக்கு வந்து சேருவதற்குப் பல மாதங்கள் முன்பே வருகிறது.

முதலில் குழாய். நீளம் 300 மில்லிமீட்டர், கோடு போட்டது 200 வரை, உள் துவாரம் இரண்டரை மில்லிமீட்டர். ஸ்வீடன் நாட்டு டாக்டர் வெஸ்டர்கிரன் 1921-ல் காசநோயாளிகளுக்காக எழுதிவைத்த முறை. இன்றைக்கும் அதுதான் அளவுகோல். ரத்தம் நான்கு பங்கு, 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு. நாங்கள் வேலை பழகிய காலத்தில் கழுவிக் காயவைத்த பென்சிலின் குப்பியில் 0.4 மில்லி சிட்ரேட் ஊற்றி, இரண்டு மில்லி வரும் இடத்தில் பிளாஸ்திரியால் ஒரு கோடு ஒட்டி வைத்திருப்போம். ரத்தம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். நரம்பு கிடைக்காத ஆளிடம் ஒரு மில்லி எடுத்துவிட்டு ‘போதும்’ என்று விட்டால் சிட்ரேட் பங்கு கூடிவிடும், எண் தப்பிப்போகும். டூர்னிக்கேயை இறுக்கிக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டே இருந்தாலும் கேடு. கையில் ரத்தம் தேங்கிக் கெட்டியாகும். எடுத்த ரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்ற வேண்டும். குமிழி ஒன்று உள்ளே போனால் கொட்டிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். குழாயைச் சோப்பில் கழுவினால் சோப்பு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. அண்ணாச்சி கடைசி அலசலைத் தன் கையால்தான் செய்வார். பிறகு அசிட்டோன், பிறகு காயவைப்பது.

அதன் பிறகு ஒரு மணி நேரம். இதில்தான் புதுப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வாசலில் ஆள் நிற்கும், ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று சொல்லும், டாக்டர் கம்பவுண்டரை விட்டுக் கேட்பார். அரை மணியில் பார்த்து இரண்டால் பெருக்கி எழுதுகிற பழக்கம் பல லேப்களில் உண்டு. எங்களிடம் பழக வந்த ஒரு பையன் அப்படித்தான் எழுதினான். அண்ணாச்சி அவனைத் திட்டவில்லை. ஒரே ரத்தத்தை ஏற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பென்சிலால் அளவைக் குறிக்கச் சொன்னார். முதல் பத்து நிமிடம் அவ்வளவாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடகடவென்று இறங்கியது. கடைசியில் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு வேகம் குறைந்தது. மணி முடிந்ததும் பையனே பென்சில் குறிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான். எந்த அரை மணியை எதனால் பெருக்குவது? “ஏலே, அது அதுபாட்டுக்கு இறங்கட்டும். நீ போய் ஸ்மியரைப் பாரு” என்றார் அண்ணாச்சி.

ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் தேய்த்த ரத்தத்தைப் பார்க்கச் சொன்னதிலும் காரணம் இருக்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்துவிடும், குளோபுலினும் கூடும். சிவப்பணுக்கள் சாதாரணமாக ஒன்றை ஒன்று தள்ளி விலகி நிற்கும். இந்தப் புரதங்கள் சேர்ந்தால் அந்த விலக்கம் போய், காசை அடுக்கிவைத்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்குக் கனமாக இருக்கும், சீக்கிரம் இறங்கும். ஸ்மியரின் மெல்லிய பகுதியில் அந்த அடுக்குகளைக் கண்ணால் பார்க்கலாம். குழாயில் 100 என்று வந்து, ஸ்மியரில் அடுக்கே இல்லை என்றால், முதலில் உங்கள் ஸ்டாண்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள். ஒன்று வெயில். குழாய்க்கு 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் ஃபேன் காற்றே அனலாக வருகிற ஊரில் எண் தானாகவே ஏறும். அண்ணாச்சி ரிப்போர்ட்டில் அறை வெப்பத்தையும் ஓரத்தில் குறித்துவிடுவார். இன்னொன்று சோகை. சுற்று வட்டாரத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனையோ பேர். ஹீமோகுளோபின் ஒன்பது, பத்து என்று இருப்பது சகஜம். சிவப்பணு குறைந்தால் இறக்கம் வேகமாகும். ஆகவே இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இ.எஸ்.ஆர். 40 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 100 வந்தால் டாக்டர் முதலில் டி.பி.யைத் தேடுவார். தேடுவதும் சரிதான், இங்கே அதுதான் அதிகம். டி.பி. இல்லை என்று ஆன பிறகும் 100 அப்படியே நின்றால்தான் விஷயம் வேறு.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். ரத்தம் எடுக்க வருகிற ஆள் உட்கார்ந்ததும் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவர் நாடி ஜோசியம் எதுவும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் துடிக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டதற்கு, ‘ஊசி குத்தப் போற கையில ரத்தம் ஓடுதான்னு பாத்துக்கிட வேண்டாமாலே’ என்றார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கை பிடித்தால் ஆளின் பயமும் கொஞ்சம் தணியும், நரம்பும் புடைத்துக் கிடைக்கும். வேறு லாபம் எதிர்பார்த்துச் செய்யவில்லை.

முப்பது வயது சுமாருக்கு ஒரு பெண், பீடி சுற்றுகிறவள், ஈ.சி.ஜி. எடுக்க வந்தாள். எங்கள் மாதிரி சின்ன ஊர் லேப்பில் ஈ.சி.ஜி.யும் நாங்களேதான். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அமுக்குகிறது, அன்றைக்குக் காலையில் சும்மா இருக்கும்போதே அமுக்கியது என்றாள். அதற்கு முந்தைய மாதங்களில் எங்களிடமே இரண்டு தரம் இ.எஸ்.ஆர். பார்த்திருக்கிறாள், இரண்டு தரமும் நூறைத் தாண்டியது. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு. சளியில் டி.பி. இல்லை. வேறு ஓர் இடத்தில் பி.பி. 90 என்று சொல்லி, உப்புப் போட்டு மோர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றையும் சொன்னாள். இலை வெட்டும்போது இடது கை கடுக்கும், சுளகை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சரியாகிவிடும், மறுபடி எடுத்தால் மறுபடி கடுக்கும். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டைப் பிடித்தேன். வலது பக்கம் விரலைத் தள்ளிக்கொண்டு துடித்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. விரலை இடம் மாற்றி, அழுத்தம் குறைத்து, கூட்டி எல்லாம் பார்த்தும் இல்லை. கையோ கதகதப்பாகத்தான் இருந்தது. பி.பி. பட்டையை வலது கையில் கட்டினேன், 170. அந்த 90 எந்தக் கையில் பார்த்தது என்று தெரிந்துவிட்டது. ஈ.சி.ஜி. சுருளில் பல லீடுகளில் எஸ்.டி. கீழே இறங்கி, ஏ.வி.ஆர். மட்டும் மேலே தூக்கி இருந்தது. கை வயர் மாறிப்போனால் ஏ.வி.ஆர். கன்னாபின்னா என்று வரும் என்பதால் வயரை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்து மறுபடி எடுத்தேன். அதேதான். நோய்ப் பெயர் சொல்வது நம் வேலை இல்லை. சுருளோடு மூன்று வரி எழுதி டாக்டரிடம் நேரில் ஓடினேன்: இடது மணிக்கட்டில் துடிப்பு இல்லை, வலது கை பி.பி. 170, பழைய இ.எஸ்.ஆர். இரண்டும் இவ்வளவு. 108 வண்டியில் பாளையங்கோட்டைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே சி.டி.யில் மகாதமனியின் சுவர் தடித்திருந்தது. இடது கைக்குப் போகிற கிளை அடைபட்டிருந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற இடது கரோனரி, மகாதமனியிலிருந்து புறப்படுகிற வாயிலேயே குறுகியிருந்தது.

அதற்குப் பெயர் டக்கயாசு ஆர்ட்டரைட்டிஸ். ஜப்பானியக் கண் டாக்டர் மிக்கித்தோ டக்கயாசு 1908-ல் 21 வயதுப் பெண் ஒருத்தியின் கண்ணடி ரத்தக்குழாய்களில் பார்த்ததை எழுதினார். அதே மாதிரிக் கண் இருந்தவர்களுக்கு மணிக்கட்டுத் துடிப்பு இல்லை என்று ஒனிஷி, காகோஷிமா என்று இரண்டு பேர் சேர்த்துச் சொன்னார்கள். பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழுள்ள பெண்களுக்கு வருகிறது. மகாதமனியையும் அதன் பெரிய கிளைகளையும் பிடிக்கிறது. சுவரில் அழற்சி அணுக்கள் புகுந்து, சுவர் தடித்து, பிறகு தழும்பாகி இறுகும். கரோனரி புறப்படுகிற வாயில் அந்தத் தடிப்பு விழுந்தால், குழாயின் மீதி நீளம் முழுக்கச் சுத்தமாக இருந்தும் மாரடைப்பு வரும். கொழுப்புக் கட்டி வெடித்து அடைக்கிற வழக்கமான கதை இதில் இல்லை. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்து ‘உனக்கு ஹார்ட் பிரச்சினை வராது’ என்று யாராவது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தியாவில் இந்த நோய்க்காரர்கள் நிறைய. நோய் சூடாக இருக்கிறதா தணிந்திருக்கிறதா என்று கணக்குப் போட நம் டாக்டர்மார்களே ஒரு மதிப்பெண் பட்டியல் செய்திருக்கிறார்கள். ஐ.டி.ஏ.எஸ். 2010 என்று பெயர், 2013-ல் வெளியானது. லக்னோவின் டாக்டர் ராம்நாத் மிஸ்ராவும் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் தேபாஷிஷ் தண்டாவும் முன்னின்று செய்தது. மொத்தம் 44 அம்சம், அதில் 33 இதயமும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்டது, ஏழு அம்சங்களுக்கு இரட்டை மதிப்பெண். அதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று பிடித்திருந்தது. துடிப்பு போயிருக்கிறதா, இரண்டு பக்கமும் ஏற்றத்தாழ்வு உண்டா, ரத்தக்குழாயின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சீறல் கேட்கிறதா என்று கையாலும் காதாலும் பார்ப்பதைத்தான் முதலில் கேட்கிறது. இ.எஸ்.ஆர். எண்ணையும், அழற்சியில் ஏறுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தின் எண்ணையும் அதற்குமேல் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய ஸ்கேன் எதுவும் இல்லாத ஊரிலும் போடக்கூடிய கணக்கு.

சி.ஆர்.பி. என்றதும் ஒரு கைவேலை சொல்ல வேண்டும். ஸ்லைடில் சீரமும் லேட்டக்ஸும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் குச்சியால் கலந்து, இரண்டு நிமிடம் ஆட்டி, மணல்மணலாகத் திரள்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது. லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திரளும். இரண்டு நிமிடம் தாண்டினால் ஓரம் காய்ந்து பொய்த் திரள் வரும். இது எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுக்காதது இன்னொன்று: சி.ஆர்.பி. மிதமிஞ்சி இருந்தால் திரளாமலே போகும். எங்களிடம் இருந்த ஒரு பெண்பிள்ளை, இ.எஸ்.ஆர். 120 வந்த ஆளுக்கு சி.ஆர்.பி. நெகட்டிவ் என்று அடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஸ்லைடு சுத்தம், நேரம் சரி, எல்லாம் சரி. சீரத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடச் சொன்னேன். குச்சியை எடுப்பதற்கு முன்பே திரண்டுவிட்டது. இரண்டு எண்களும் சண்டை போட்டால் நீர்த்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டில் எது உசத்தி என்று கேட்கிறார்கள். சி.ஆர்.பி. சில மணி நேரத்தில் ஏறி, காரணம் தணிந்ததும் ஓரிரு நாளில் இறங்கத் தொடங்கிவிடும். இ.எஸ்.ஆர். ஆறப்போட்டு இறங்கும், வாரக்கணக்கில். அழற்சியை அடக்க பிரெட்னிசோலோன் தொடங்கியவர்களுக்கு இரண்டையும் வைத்துத்தான் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். முடியுமானால் சுவரின் சூடு தணிந்த பிறகு பைபாஸோ வேறு வேலையோ செய்வது நல்லது. சூடாக இருக்கும்போது தைத்தால், தைத்த இடமே மறுபடி குறுகலாம். அதனால் நாம் எழுதுகிற எண்ணை நம்பி நாள் குறிக்கிறார்கள். அதே ஆளுக்கு பிரெட்னிசோலோனால் சர்க்கரை ஏறும், அதுவும் நம் கண்ணில்தான் முதலில் படும். மூட்டு அழற்சிக்கு என்று டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்கள் வந்தால் மட்டும் கவனம்: அந்த மருந்து சி.ஆர்.பி.யை அமுக்கிவிடும், எண் நன்றாக இருப்பதால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

குழாய் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. டக்கயாசுவிலேயே இ.எஸ்.ஆர். சரியாக இருக்கும்போது உள்ளே சுவர் எரிந்துகொண்டிருப்பது உண்டு. இன்னொரு நோயில் குழாய் முழு ஊமை. பீடி, சிகரெட் குடிக்கிற ஆண்களுக்குக் கால் விரல் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் டி.ஏ.ஓ. என்பார்கள், பர்ஜர் நோய் என்றும் சொல்வார்கள். டக்கயாசு எழுதிய அதே 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் எழுதியது. இதுவும் ரத்தக்குழாய் அழற்சிதான். கை கால்களின் சின்னக் குழாய்களைப் பிடித்து, உள்ளே கட்டி உறைந்து அடைத்துவிடும். ஆனால் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். விரல் கறுக்கும், குழாய் 12 என்று காட்டும். இந்த நோய் கரோனரியைப் பிடிப்பது அபூர்வம். ஆனால் அதே பீடி வேறு வழியாகப் போய் மாரடைப்பைக் கொண்டுவரும். புகையை அடியோடு விட்டால்தான் கால் நிற்கும். ஒன்றிரண்டு குடிக்கிறேன் என்று பேரம் பேசியவர்கள் பாதம் வரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் பீடி சுற்றிச் சாப்பிடுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு பீடியை விடச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும். சொல்லத்தான் வேண்டும்.

குழந்தைகளுக்கு வருகிற ரத்தக்குழாய் அழற்சி கவாசாகி நோய். ஜப்பானில் டாக்டர் தொமிசாக்கு கவாசாகி 1961-ல் முதல் குழந்தையைப் பார்த்து, 50 குழந்தைகள் சேர்ந்ததும் 1967-ல் எழுதினார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, உடம்பில் தடிப்பு. ஆன்டிபயாட்டிக் கேட்காது. கவனிக்காமல் விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரி உப்பிவிடும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது நூற்றுக்கு நான்கு ஐந்து என்று குறைகிறது. உப்பிய இடத்தில் ரத்தம் உறைந்தால் அந்தக் குழந்தைக்கே மாரடைப்பு வரலாம். இருபது முப்பது வயதிலும் வரலாம். இதில் நமக்கு உள்ள வேலை பிளேட்லெட் எண்ணுவது. இரண்டாவது வாரத்தில் அது ஏறும். அம்மோனியம் ஆக்சலேட்டில் நீர்த்து, நியூபாவர் சேம்பரில் ஏற்றி, ஈரத் தாள் வைத்த பெட்ரி தட்டுக்குள் கால் மணி நேரம் மூடிவைக்க வேண்டும். பிளேட்லெட் படிவதற்கு முன் எண்ணினால் பாதிதான் கிடைக்கும். காய்ச்சல் குறையாத ஒரு குழந்தைக்கு நான் விரல் குத்தப் போனபோது நகத்தின் ஓரத்தில் தோல் வெள்ளையாக உரிந்து நின்றது. எண்ணினால் பிளேட்லெட் ஏழு லட்சத்துக்கு மேல். உரிந்த தோலையும் சேர்த்து டாக்டரிடம் சொன்னேன். திருநெல்வேலிக்கு எக்கோ எடுக்க அனுப்பினார். கரோனரி கொஞ்சம் உப்பியிருந்தது, காலத்தில் மருந்து போனது. இந்தக் குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு இ.எஸ்.ஆர். போடாதீர்கள். ஏற்றிய புரதமே குழாயில் ரத்தத்தை வேகமாக இறக்கிவிடும். சி.ஆர்.பி. மட்டும் பாருங்கள்.

சாதாரண மாரடைப்பிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பதை இப்போது பெரிய டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். முடக்குவாதக்காரர்களுக்கு இதய ஆபத்தைக் கணக்கிட்டால் வந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கச் சொல்லி ஐரோப்பிய மூட்டு டாக்டர்கள் விதியே வைத்திருக்கிறார்கள். கௌட் வலிக்குக் கொடுக்கிற கோல்சிசின் மாத்திரையை இதய நோயாளிகளுக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, 2020-ல் வந்த ஆய்வில் மாரடைப்பு முதலியவை 31 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை. அவர்கள் அடித்துப் பேசி முடிக்கட்டும். எனக்கு அதில் ருசி வேறு இடத்தில். அந்தக் கோல்சிசின் நம் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்களே, அதுதான். நம் மலையடிவார வேலியில் தானாகப் படர்ந்து நிற்கும். நல்லது என்று யாரும் கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆளைக் கொன்றுவிடும் விஷம்.

நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு எந்தக் காரணமாக இருந்தாலும் முதல் ஓட்டம் ஒன்றுதான். சுருள் எடு, டாக்டரிடம் காட்டு, நேரத்தைக் குறி. 2023-லிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மாரடைப்பைக் காட்டுகிற டிரோபோனின் கார்டில் ஒரு கோடு மட்டும் வந்தால், வலி தொடங்கி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். மூன்று மணிக்குள் என்றால் நெகட்டிவை நம்பக் கூடாது, திரும்பப் போட வேண்டும். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுவது, இளவயசா என்று பார்ப்பது, இ.எஸ்.ஆர். தேடுவது எல்லாம் வண்டி கிளம்பிய பிறகு. ஆனால் கட்டாயம் புரட்டுங்கள். புரட்டியதைப் போனில் சொல்லுங்கள்.

அந்தப் பெண் இப்போதும் மாத்திரைக் கணக்கோடு எங்களிடம் வருகிறாள். அவளுடைய ரிப்போர்ட்டை எழுதுகிற முறை இதுதான், எல்லோருக்கும் இப்படியே எழுதுங்கள். இ.எஸ்.ஆருக்குப் பக்கத்தில் வெஸ்டர்கிரன், ஒரு மணி நேரம், அறை வெப்பம் இவ்வளவு. ஹீமோகுளோபினை அதே தாளில். மெஷினில் பார்த்த எண்ணையும் குழாயில் பார்த்த எண்ணையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. பி.பி.க்கு நேரே எந்தக் கை என்று எழுத வேண்டும். அவளுக்கு வலது கை மட்டும், இடது கையில் பட்டை கட்டவே கூடாது. திருநெல்வேலியில் அவளைப் பார்க்கிற டாக்டர், கை எழுதாமல் வந்த பி.பி.யை ஒருமுறை சிவப்பு மையால் சுழித்து எங்களுக்கே திருப்பி அனுப்பினார். எழுதியது லேப்பில் புதிதாகச் சேர்ந்த பையன். அந்தத் தாளைத் தூக்குக்குண்டு மாட்டிய ஆணியிலேயே குத்தி வைத்திருக்கிறேன்.